எத்தனை படி?

பரளச்சிப் பக்கம் வானம் பார்த்த பூமி. அந்த நாளில் கம்பும் சோளமுந்தான் சாப்பாடு; நெல்லுச் சோறு பண்டிகைக்குத்தான். 1967 தேர்தலில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொன்னதும் எங்கள் அடுப்படிகளெல்லாம் காது கொடுத்துக் கேட்டன.

பக்கத்து விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் தோற்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்ட மகராசன்! இந்தி எதிர்ப்புப் போராட்டமும் காரணந்தான். ஆனாலும் வெறும் பானை பொல்லாதது. 1932-இல் அமெரிக்க ஜனாதிபதி ஹூவரைத் தோற்கடித்ததும் வேலையற்றோர் வீட்டுப் பசிதானே?

ஜெயித்த பின், ஒரு படித் திட்டம் முதலில் சென்னைக்கும் கோவைக்குந்தான் கிடைத்தது. ஆகவே சகோதரிகளே, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் "எத்தனை படி?" என்று கேட்டால் போதாது, "எங்கள் ஊருக்கு எப்போது?" என்றும் கேளுங்கள்!