கோதுமைக் கணக்கில் வந்த புத்தகங்கள்

திங்கள்

சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், பாதி வழியில் ஒரு கோதுமை மூட்டை தட்டுப்படும். 1954-இல் அமெரிக்கா கொண்டுவந்த பொதுச் சட்டம் 480, சுருக்கமாகப் பி.எல். 480, நம்மவர்களுக்கு ரேஷன் கோதுமையாகத்தான் பழக்கம். அந்தக் கோதுமைக்கு இந்தியா டாலர் கொடுக்கவில்லை, ரூபாயாகவே கொடுத்தது. பெரும்பாலும் இங்கேயே செலவாக வேண்டிய பணம் அது. 1958-இல் ஒரு திருத்தம் வந்து, அதில் ஒரு பங்கைப் புத்தகம் வாங்கவும் செலவிடலாம் என்றானது. 1962-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் புதுதில்லியில் அலுவலகம் திறந்து, தமிழ் உட்பட இந்திய மொழி நூல்களைப் பல படிகள் வாங்கி, திட்டத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. பேராசிரியர்கள் ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுக் கேட்டவை அல்ல இவை. மொத்தமாக வந்து இறங்கியவை. வட்டார ஆய்வு நூலகத்தின் பலமே இப்படிக் கேட்காமல் வந்து சேர்ந்தவற்றில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பாடத்திட்டத்துக்காக வாங்கும் நூலகம் இந்த வருஷத்து மாணவருக்கு உதவும். அடுத்த தலைமுறை என்ன கேட்கும் என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை.

இதற்கு நல்ல சாட்சி மொழிபெயர்ப்பாளர் ஏ. கே. ராமானுஜன். அவர் தேடிய அலமாரி கோதுமைப் பணத்துக்கு முந்தியது. 1962-இல் சிகாகோவுக்கு வந்த புதிதில், பழந்தமிழுக்கு ஓர் எளிய இலக்கணம் தேடி ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறை அடுக்குகளுக்குள் போனார். கையில் அகப்பட்டதோ உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை. 1967-இல் வெளிவந்த அவருடைய 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' மொழிபெயர்ப்புக்கு வித்து அங்கேதான் விழுந்தது. அந்தப் பிரதியை வாங்கி அடுக்கியவர், இப்படியொருவர் வந்து எடுப்பார் என்று கணக்குப் போட்டிருக்க முடியாது.

செவ்வாய்

குறுந்தொகை கிடைத்ததைச் சொல்லிக் குப்பையை நியாயப்படுத்தலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். மொத்தமாக வாங்கினால் நல்ல நூல் ஒன்றுக்குச் சாதாரண நூல் பத்து வரும். அலமாரிக்கு இடமும் ஆளும் பணமும் வேண்டும். ஆனால் எது குப்பை என்பதை யார், எப்போது முடிவு செய்வது? அறுபதுகளின் மலிவு நாவல் ஒன்றை இலக்கிய விமர்சகர் இரண்டு பக்கத்தில் மூடிவிடுவார். சமூக வரலாறு எழுதுபவர் கதைக்குள்ளேயே போக மாட்டார், பின்னட்டையிலேயே நின்றுவிடுவார். அங்கே விலை இருக்கிறது, அச்சகத்தின் தெருப் பெயர் இருக்கிறது, பல்பொடி விளம்பரம் இருக்கிறது. யார் வாங்கினார்கள், என்ன விலை தாங்கியது, எந்த ஊரில் அச்சடித்தார்கள் என்பதற்கு அந்த ஒரு அட்டைதான் ஆவணம். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: தில்லி அலுவலகமும் ஒரு சல்லடைதான். கடைக்கு வந்தது அதில் சிக்கும். திருவிழாவில் கையில் திணித்த நோட்டீஸ் சிக்காது. ஆகவே 'கேட்காமல் வந்தது' என்பதற்கும் எல்லை உண்டு.

புதன்

புத்தகம் இருந்தால் போதாது, அகப்பட வேண்டும். அமெரிக்க நூலகங்களின் பட்டியல் தமிழை ரோமன் எழுத்தில் எழுதுகிறது. அதில் 'எல்' எழுத்துக்குக் கீழே கோடு போட்டால் ழ, புள்ளி வைத்தால் ள. ககரம் எங்கே வந்தாலும் 'கே', தகரம் எங்கே வந்தாலும் 'டி'. ஆகவே தமிழ் நூலின் தலைப்பில் வரும் காந்தி, ஆங்கிலச் செய்தித்தாளில் பார்த்துப் பழகிய எழுத்துக்கூட்டலில் அகப்பட மாட்டார். 'கே'யில் தொடங்கி, நடுவே 'டி' போட்டுத் தேடினால் வருவார். சந்தி வேறு. பாடல் திரட்டு என்று பிரித்துத் தேடுகிறவருக்குப் பாடற்றிரட்டு கண்ணில் படாது. இந்தச் சங்கடங்களையெல்லாம் கணினி தீர்த்துவிடும் என்கிறார்கள். கொஞ்சம் தீர்க்கும். ஆனால் தலைப்பே தெரியாதவருக்குத் தேடுபெட்டியில் என்ன அடிப்பதென்று தெரியாது. அவருக்கு மொழி தெரிந்த நூலகர் வேண்டும். சிகாகோவில் தெற்காசிய நூல்களைக் கவனித்துக்கொண்ட மொரீன் பேட்டர்சன் 1981-இல் வெளியிட்ட தெற்காசிய நூலடைவில் 28,000-க்கு மேற்பட்ட பதிவுகள் உண்டு. அப்படியொரு தொகுப்பு, அடுக்குகளோடு பழகிய ஆளிடமிருந்துதான் வரும்.

அடுக்குமுறையும் அப்பாவியல்ல. காங்கிரஸ் நூலக வகைப்பாட்டில் தமிழின் குறியும் பி.எல்.தான், கோதுமைச் சட்டத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சமஸ்கிருதமும் இந்தியும் பி.கே.யில் நிற்க, தமிழ் சீனத்தோடும் ஆப்பிரிக்க மொழிகளோடும் பி.எல்.லில் நிற்கிறது. தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாளம் படிப்பவர் இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

வெள்ளி

மிகக் கனமான மறுப்பு இனிமேல்தான். நம் பசிக்குக் கொடுத்த கோதுமையின் பணத்தில் நம் புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். மதுரையில் இருக்கும் மாணவி அதைப் பார்க்க விசா வாங்க வேண்டும். கடைக்கு வந்த பல படிகளில் சில போயின, சூறை என்று சொல்ல முடியாது. ஆனாலும் மாணவியின் தரப்பு நியாயமானது. இதற்கு வேறு வழி இருந்தது என்பதற்குக் கோட்டையூரே சாட்சி. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா அந்த ஊரில் சேர்த்துவைத்த நூல்களும் பிற அச்சுப் பொருள்களும் ஏறத்தாழ 1,00,000. 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது, ஆனால் கப்பலேற்றவில்லை. 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. நூல்கள் இங்கே நின்றன, மைக்ரோஃபிலிம் அங்கே போனது.

இப்போதுதான் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டார்களே என்பது கடைசி வாதம். ஏற்றியது நிறைய, பயனும் பெரிது. ஆனால் இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. 1962-இல் நாவல் எழுதியவர் 1990-இல் காலமாகியிருந்தால் அது 2050 கடைசி வரை பூட்டுக்குள் இருக்கும். பெயர்பெற்றவர்கள் பலரை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. பின்னட்டையில் பல்பொடி விளம்பரம் வந்த மலிவு நாவலின் ஆசிரியருக்கு அந்த யோகம் இல்லை. வாரிசு யாரென்று விசாரிக்கவும் வழியில்லை. அவரைப் படிக்க இன்றைக்கும் அலமாரிவரை நடந்துதான் போக வேண்டும்.