காதில் என்ன சார் என்று கேட்டவர்களுக்கு



பேத்தியின் பிறந்தநாள் படத்தைப் போட்டதும், "சார், காதில் என்ன, புளூடூத்தா?" என்று மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டீர்கள். இல்லையப்பா, காது கேட்கும் கருவி. போட்டு நாலு மாதம் ஆகிறது.

போட்டிருக்க வேண்டியது ஏழு வருடத்துக்கு முன்பு. ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தபோதே ஆடியோகிராம் எடுத்துப் பார்த்து டாக்டர் சொல்லிவிட்டார். வயதாகும்போது கீச்சென்ற மேல் ஒலிகள்தான் முதலில் போகுமாம். பெண்கள், குழந்தைகள் பேச்சு கலங்கும். சத்தம் வரும், சொல் பிடிபடாது. கடி, படி, தடி எல்லாம் ஒன்றுதான். ரிப்போர்ட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன். கருவியோடு வகுப்புக்கு வந்தால் என்ன பெயர் வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? (ஏற்கெனவே வைத்திருந்த பெயரும் தெரியும். அதைக் கீழே எழுத வேண்டாம்.)

உதட்டைப் பார்த்துச் சமாளித்தேன். யாராவது சந்தேகம் கேட்டால், "இதுக்கு யார் பதில் சொல்றீங்க?" என்று வகுப்பிடமே தள்ளிவிடுவேன். நல்ல கற்பித்தல் முறை என்று பாராட்டு வேறு.

கடைசி வருடம், பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடைவேளையில் வந்து ஏதோ சொன்னாள். தலை குனிந்திருந்தாள், உதடு தெரியவில்லை. இன்னொரு தடவை சொல் என்று கேட்டிருக்கலாம். பக்கத்து மேசையில் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். "சரிம்மா, நல்லது, போ" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. வீட்டில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். 15 வயது. "சார்கிட்ட சொன்னேன், நல்லதுன்னுட்டாரு" என்று தோழியிடம் சொல்லியிருக்கிறாள். காதில் விழுந்திருந்தால் 1098-க்கு ஒரு போன் போட்டிருப்பேன். எனக்குத் தெரியவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

நாலு மாதம் முன்பு பேத்தி ஓடிவந்து ஏதோ சொன்னாள். பழக்கதோஷம், "சரி, நல்லது" என்றேன். "தாத்தா, கீழ விழுந்துட்டேன்னு சொல்றேன்!" என்று முழங்காலைக் காட்டினாள். அன்று சாயங்காலமே பீரோவைத் திறந்தேன்.

போன மாதம் கல்யாண வீட்டில் எங்கள் அக்கா ஊருக்கே கேட்கும்படி, "என்னடா, காது செவிடாயிடுச்சா?" என்றது. "ஆமாக்கா, மெதுவா பேசு, இப்ப நல்லா கேக்குது" என்றேன். பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். பாயசம் நன்றாக இருந்தது.

அந்தப் பெண் இதைப் பார்ப்பாளா, தெரியாது. பார்த்தால்: அம்மா, அன்றைக்கு நீ சொன்னது சாருக்குக் கேட்கவில்லை. என் நம்பர் பழைய நம்பர்தான்.