சீனியின் எடை

ஆண்டு மலருக்குத் தலைமையாசிரியரின் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழு ஆசிரியை கேட்டபோது, வழக்கம்போல் கல்வியின் சிறப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் நம் பள்ளியின் அறிவியல் மூலையில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும் நோட்டுப் புத்தகம் என்னை விடவில்லை. அதில் தேதிகளும் கிராம் கணக்குகளும் தவிர வேறொன்றும் இல்லை.

2023ஆம் ஆண்டில் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்று, தாங்கள் வளர்த்த இரண்டு கினிப்பன்றிகளைப் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்து சென்றது. பெயரில்தான் பன்றி, உண்மையில் அவை எலியையும் அணிலையும் போன்ற கொறிக்கும் இனம். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டு மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கி வளர்த்த பிராணிகள். மலாய்மொழியில் 'திக்குஸ் பெலண்டா', அதாவது டச்சு எலி என்பார்கள். பழுப்பும் வெள்ளையும் கலந்ததற்குச் சீனி என்றும், கறுப்புக்கு மிளகு என்றும் மாணவர்கள் பெயர் சூட்டினர். கூண்டோடு வந்த துண்டுத்தாளில் சீனி 980 கிராம், மிளகு 905 கிராம் என்று எழுதியிருந்தது. அத்தாளை நான் பொருட்படுத்தவில்லை. மாணவி ஒருத்தி அதை எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள் என்பது எனக்குப் பின்னரே தெரியவந்தது.

உணவு விஷயத்தில் நான் செய்த பிழையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். "முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, எலும்புக்கு நல்லது, வீட்டில் முருங்கை உள்ளவர்கள் கொண்டு வாருங்கள்" என்று காலை அணிவகுப்பில் அறிவித்தவன் நானே. நம் தோட்டத்தில் முருங்கை இல்லாத வீடு ஏது? கொத்துக் கொத்தாக வந்து குவிந்தது. அத்துடன் தண்டுக்கீரையும் வந்தது. கடையில் மலிவாகக் கிடைத்த முயல் தீவனத்தையும் வாங்கி வைத்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உயிரினங்களைப் பற்றிப் படித்தவன் என்ற மிதப்பு எனக்கு இருந்தது.

சில மாதங்கள் சென்றபின், கூண்டைத் துப்புரவு செய்யும் முறையிலிருந்த ஐந்தாம் ஆண்டு மாணவி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, சீனி ஒண்ணுக்குப் போறப்போ கத்துது ஐயா."

"கினிப்பன்றி என்றால் கத்தத்தான் செய்யும். வகுப்புக்குப் போம்மா" என்றேன்.

மறுவாரம் மீண்டும் வந்தாள். "முதுகுல கை வச்சா எலும்பு தட்டுப்படுது ஐயா." நான் எட்டிப் பார்த்தேன். மயிர் அடர்ந்து, உருண்டையாகத்தான் தெரிந்தது. வயதாகிறது போலும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிற பிராணிகளுக்கு இரையாகும் சிற்றுயிர்கள் தம் நோயை வெளியில் காட்டுவதில்லை என்பதையும், அடர்ந்த மயிர் இளைப்பை மறைத்துவிடும் என்பதையும் நான் அறிந்திருக்கவில்லை. அந்தப் பெண்ணின் உள்ளங்கை அறிந்திருந்தது.

அவள் என்னிடம் மூன்றாம் முறை வரவில்லை. சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் மாவு நிறுக்கும் தராசை இரவல் கேட்டு, திங்கள்தோறும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் இரண்டையும் வைத்து நிறுத்து எழுதத் தொடங்கினாள். சீனி 870. அடுத்த வாரம் 835. அதற்கடுத்த வாரம் 790. மிளகோ 910இலிருந்து அசையவில்லை. அந்த நோட்டையும் பழைய துண்டுத்தாளையும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள். அன்று கூண்டில் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு சிவப்புக் கறையும் இருந்தது.

செய்தி பரவியதும் நல்ல மனம் படைத்த பெற்றோர் ஒருவர், தாம் உண்டு மிச்சம் வைத்திருந்த அமோக்சிசிலின் மாத்திரைகளைக் கொண்டுவந்து தந்தார். பாதியைக் கரைத்துக் கொடுத்தால் என்ன என்று நானும் நினைத்தேன். நேரமாகிவிட்டதால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது தெய்வச் செயல். அம்மருந்தை வாய்வழி கொடுத்தால் கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, அதன் உயிரே போய்விடக்கூடும் என்று மருத்துவர் மறுநாள் கூறியபோது எனக்கு வியர்த்துவிட்டது.

மாணவியும், அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்ட அவள் தந்தையும் என்னுடன் பட்டணத்துக்கு வந்தார்கள். மருத்துவர் முதலில் வாயைத் திறந்து பற்களைச் சோதித்தார். அவற்றின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. மிகுதியாக வளர்ந்துவிட்டால் மெல்ல முடியாமல் இளைத்துப்போகுமாம். பற்கள் நன்றாகவே இருந்தன. பின்னர் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில், சிறுநீர்ப்பையின் நடுவே துவரம்பருப்பு அளவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது.

நம் குடல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் தேவையான அளவையே பெரும்பாலும் ஏற்கிறது. கினிப்பன்றியின் குடலோ கொடுத்ததற்கு ஏற்பக் கூடுதலாக ஏற்றுக்கொண்டு, மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளுகிறது. அச்சிறுநீர் காரத்தன்மை உடையதாதலால் சுண்ணாம்பு அதில் எளிதில் படிந்து கல்லாகிறது. அக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பத்துமலைக் குன்றும் அதே பொருளால் ஆனதுதான். உணவு ஒன்றே காரணம் என்று அறுதியிட முடியாது, குறைவாக நீர் அருந்துவதும் உடல்வாகும்கூடக் காரணமாகலாம் என்று மருத்துவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். நான் முருங்கைக் கொத்துகளை நினைத்துக்கொண்டேன்.

அறுவைச் சிகிச்சைக்கு 700 வெள்ளி ஆகும் என்றார். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், "எலிக்கா ஐயா ஆப்பரேஷன்?" என்று ஒருவர் கேட்டார். பால் வெட்டியும் குலை அறுத்தும் பிழைப்பவர் கேட்கும் கேள்வி. அதில் தவறொன்றும் காணேன். பள்ளிப் பணத்தைத் தொடவில்லை. பிழை என்னுடையது, செலவும் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். ஆயினும் மறுநாள் ஒரு பால்டின் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே 43 வெள்ளி 20 காசு இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவரின் மகனும் அதில் போட்டிருந்தான்.

கல்லை எடுத்துவிட்டார்கள். அதன்பின் வந்த மூன்று நாட்களே கடினமானவை. உணவு நின்றால் குடல் இயக்கமும் நின்றுவிடும் என்பதால், அரைத்த உலர்புல்லைக் கூழாக்கி, ஊசியில்லாப் பீச்சுகுழலால் சில மணி நேரத்துக்கொரு முறை ஊட்ட வேண்டியிருந்தது. இரவுகளில் என் துணைவியாரும் நானும் முறை வைத்து விழித்தோம். நான்காம் நாள் விடியலில் சீனி தானாகவே ஒரு புல்லிதழை இழுத்துக் கடித்தது. அன்று எடை 742.

இப்போது முருங்கையும் தண்டுக்கீரையும் முயல் தீவனமும் கிடையா. உலர்புல்லும், களைக்கொல்லி படாத பள்ளித் திடற்புல்லும்தான் முதல் உணவு. மனிதரைப் போலவே கினிப்பன்றியும் வைட்டமின் 'சி'யைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாதது. 1907இல் நார்வே ஆய்வாளர்கள் ஹோல்ஸ்டும் ஃபுரோலிக்கும் ஸ்கர்வி நோயை ஆராய உதவியது அதன் இக்குறையே. ஆகையால் நாள்தோறும் ஒரு துண்டு குடைமிளகாயோ கொய்யாவோ உண்டு.

சீனி 860 வரை ஏறியது. 980ஐ மீண்டும் எட்டவில்லை. ஓராண்டுக்குமேல் நம்முடன் இருந்து, 2025 ஜனவரியில் ஓர் இரவு உறக்கத்திலேயே இறந்தது. வேலியோரக் கொய்யா மரத்தடியில் புதைத்தோம். அம்மாணவி இப்பொழுது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

நோட்டு இப்போது இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் கையில் இருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். எண்கள் சரியாக இருக்கும். சென்ற திங்களன்று இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது, அவன் வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, மிளகு பத்து கிராம் கொறஞ்சிருக்கு ஐயா."

பத்து கிராம் என்பது ஒருவேளை உணவு முன்பின்னானாலும் மாறும் அளவுதான். பேனாவை மூடி வைத்துவிட்டு, சிற்றுண்டிச்சாலைத் தராசை இன்னொரு முறை எடுத்துவரச் சொல்லி, அவனுடன் எழுந்து போனேன்.