செருப்பு வார்

இரவு ஒன்பதரைக்கு மேல் ரங்கநாதன் தெருவின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் மாம்பலம் ரயில் நிலையம் வரை கேட்கும். சற்று நேரத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் படியிறங்கி வருவார்கள். சீருடைப் புடவை, தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ் கூடை. மற்றவர்கள் கும்பலாக வந்து கும்பலாகவே ஏறிப் போவார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் பிந்தித் தனியாக வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அச்சகத்தில் புரூஃப் பார்த்து முடித்துவிட்டு நானும் அதே வண்டிக்குத்தான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பிழை பார்க்கிற கண் வேலை முடிந்த பிறகும் சும்மா இருப்பதில்லை.

பெஞ்சில் இடம் இருந்தாலும் அவர் உட்கார மாட்டார். கடையில் நாளெல்லாம் நின்றவர். ஊழியர் உட்கார இருக்கை கட்டாயம் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். அது அவருடைய கடைக்கு வந்ததோ இல்லையோ, இங்கே கண்ணெதிரே பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. இருந்தும் தூணில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டே இருப்பார். கால் வலிக்காதா என்று நினைத்துக்கொள்வேன். ஒரு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது. பின்னால் தூண். தலைக்கு மேல் டியூப் லைட். இடது பக்கம் நாலடியில் டீக்கடை. மிச்சம் அவர் பார்த்துக்கொள்ள வேண்டியது முன்பக்கம் மட்டும்.

நின்றதும் முந்தானையைச் சுற்றி இழுத்து வலது தோளையும் மூடுவார். கழுத்துச் சங்கிலி மறைந்துவிடும். பை குறுக்காக மாட்டியிருக்கும், ஜிப் வயிற்றுப் பக்கம். போன் பைக்குள். மடக்குக் குடை மட்டும், மழையோ வெயிலோ, வலது கையில். பிறகு தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, முந்தானை ஓரத்தில், விரல் போனால் கையோடு வரும்படி குத்திவைத்துக்கொள்வார். மொத்தமாக அரை நிமிடம்கூட ஆகாது. முகத்தில் பயம் எதுவும் இருக்காது. அடுப்பை அணைத்தோமா, பூட்டைப் பூட்டினோமா என்று பார்க்கிற முகம்தான்.

அந்த ஊக்கை 1849-ல் நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் பதினைந்து டாலர் கடனை அடைப்பதற்காகக் கம்பியை வளைத்துச் செய்தார். யாரையும் குத்திவிடக் கூடாது என்றுதான் முனைக்கு மூடி வைத்தார். நம் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்கள் அந்த மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை காலமாகப் பயணம் செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தன் உடம்பைக் காத்துக்கொள்ளும் உரிமை 1860-ன் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 35-ம் பிரிவில் இருக்கிறது. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. ஊக்கு அந்த அளவுக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

ஜெஃப் கூப்பர் என்று அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிப் பயிற்சியாளர் இருந்தார். மனிதனின் விழிப்புக்கு அவர் நாலு நிறம் வைத்தார். சுற்றுப்புறமே தெரியாமல் இருப்பது வெள்ளை. நிதானமாக எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருப்பது மஞ்சள். இன்ன ஆள், இன்ன ஆபத்து என்று கண் ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் ஆரஞ்சு. மோதலுக்குத் தயாராகிவிட்டால் சிவப்பு. மாம்பலம் பெஞ்சில் நான் பல வருடமாக வெள்ளை. எதிரே நிற்பவர் கடை வாசலைத் தாண்டிய கணத்திலிருந்து மஞ்சள்.

அந்த மஞ்சள் ஆரஞ்சாவதை ஒரு நாள் பார்த்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி பிளாட்பாரத்தின் இருட்டான கோடியில், காதில் இயர்போனும் கையில் போனுமாக நின்றிருந்தாள். சட்டையை மடித்துவிட்ட ஓர் ஆள் அவளைக் கடந்து போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான். மூன்றாவது முறை அவன் நடை தளர்ந்தபோது தூணடியில் யாரும் இல்லை. இவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏம்மா, தாம்பரம் வண்டி போயிடுச்சா?”

போகவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பெண் இயர்போனைக் கழற்றி, “இல்ல ஆன்ட்டி, இப்ப வந்துரும்” என்றாள்.

“அப்ப இங்க ஏன் நிக்குறே? லேடீஸ் கோச் அங்கதான் நிக்கும். வா.”

நடந்துகொண்டே போனை எடுத்துக் காதில் வைத்தார். “அண்ணே, ஸ்டேஷனுக்கு வந்துட்டீங்களா? சரி சரி, நாங்க ரெண்டு பேர் வர்றோம்” என்றார், பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி. என் பெஞ்சைக் கடக்கையில் போனின் திரையைப் பார்த்தேன். வெளிச்சமே இல்லை. அந்த ஆள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கி, அப்படியே படியேறிப் போய்விட்டான். பெண்ணிடம் இவர் அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிகளில் மாணவிகளுக்குக் கராத்தே சொல்லித் தருகிறார்கள், நல்ல காரியம். வாரத்துக்கு ஒரு வகுப்பு இவருக்கும் கொடுக்கலாம்.

கூட்டத்தோடு சேர்ந்து நிற்பதில் அவருக்கு நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை. காரணம் இங்கிருந்து இரண்டாவது நிலையத்தில் இருக்கிறது. 2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் பிளாட்பாரத்தில், வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த இளம்பெண்ணை வெட்டிக் கொன்றார்கள். ஆட்கள் இருந்தார்கள். கேமரா இல்லை. கேமரா இப்போது இருக்கிறது. ரயில்வே உதவிக்கு 139, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112 என்று எண்களும் இருக்கின்றன. இவர் அவற்றோடு டீக்கடைக்காரரையும் வைத்திருக்கிறார். டீ குடிக்காத நாளிலும், “என்ன அண்ணே, பொண்ணுக்கு ஃபீஸ் கட்டியாச்சா?” என்று கேட்காமல் போவதில்லை. அவரும் பாலை ஆற்றிக்கொண்டே, “இன்னிக்கு லேட்டு போலிருக்கேம்மா” என்பார். லேட்டானால் கவனிக்க ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

இத்தனையையும் நான் ரசித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தேர்ந்த கைவேலையைப் பார்க்கிற ரசனை. அவர் மகளிர் பெட்டியில் ஏறுவார், நான் பக்கத்துப் பெட்டியில். இருவருக்கும் குரோம்பேட்டை. இறங்கினால் அவர் நடுக்கூட்டத்தில் நடப்பார். கடைசி ஆளாக ஒருநாளும் வரமாட்டார். நான் மெதுவாக நடப்பவன், எப்போதும் பின்னால்தான்.

போன மாதம் ஒரு நாள் அதிகம் பேர் இறங்கவில்லை. படிக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் ஓரமாக ஒதுங்கினார். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். நான் கடந்து போகும்வரை குனிந்தே இருந்தார். குடை கையிலேயே இருந்தது. முந்தானை ஓரத்தில் விரல் இருந்தது. பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். நிமிர்ந்து என் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். செருப்புக்கு ஒன்றுமில்லை.

தினமும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, தன்னையே பார்த்து, தன் ஸ்டேஷனிலேயே இறங்கி, பின்னாலேயே நடந்து வருகிற ஓர் ஆள். அவர் கணக்கில் நான் எத்தனை நாளாக ஆரஞ்சு என்று தெரியவில்லை. என் வயதோ நரையோ அந்தக் கணக்கில் கழிவு பெறவில்லை. பெறக் கூடாதுதான்.

இப்போது பெஞ்சை மாற்றிக்கொண்டேன், பிளாட்பாரத்தின் மறுகோடிக்கு. குரோம்பேட்டையில் வண்டி நின்றதும் வேகமாக இறங்கி முன்னால் நடந்துவிடுகிறேன். மூட்டு வலிக்கத்தான் செய்கிறது.