யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்கள்?



நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் பொருளீட்டி வருகின்றனர். விடுமுறை கிடைத்ததும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியொன்றில் பாலைவனத்திற்குள் சென்று பார்க்கும் ஆவல் அவர்களில் சிலருக்கு எழுவது இயல்பே. எனக்கும் எழுந்தது. அவர்களுக்காகவும், அவர்தம் நலனுக்காக ஊரில் துஆ செய்திருக்கும் உம்மாமார்களுக்காகவும் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

1994ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் விடுமுறை. மஸ்கத்தில் பணியாற்றிய நாங்கள் மூவர், ஒரே வண்டியில் வஹீபா மணற்பரப்பிற்குள் நுழைந்தோம். பிரியாணிச் சட்டியை மறவாமல் ஏற்றிய நாங்கள், மண்வெட்டியை ஏற்றவில்லை. நண்பகலில் சக்கரங்கள் புதைந்தன. வேகத்தைக் கூட்டக் கூட்ட வண்டி அச்சுவரை இறங்கிற்று. அஸர் நேரத்தில் தண்ணீரும் தீர்ந்தது.

இறைவன் அருளால் பதூ முதியவர் ஒருவர் தம் வண்டியில் அவ்வழியே வந்தார். தண்ணீர் கொடுத்தார். பின்னர், "மகனே, யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவரிடமும் சொல்லவில்லை! அவர் மேலும் பேசாது குனிந்து, எங்கள் டயர்களில் பாதிக் காற்றை இறக்கினார். டயர் தட்டையாகி மணலில் அகலப் பதிந்ததால், மணலைத் தோண்டி அகற்றியதும் வண்டி மேலேறி வந்துவிட்டது.

அடுத்த விடுப்பில் இதனை என் மனைவியிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்த அவள், "நீங்க மணல்லே கிடந்த அன்னிக்கு, நான் பெருநாள் பலகாரம் பங்கு வச்சுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். அச்சொல் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

எனினும் ஆசை விடவில்லை. 1996 பிப்ரவரியில் நால்வராக, 'ருப்உல் காலி' எனும் பெரும் பாலையின் ஓமான் பகுதியைக் காணத் திட்டமிட்டோம். சவூதி அரேபியா, ஓமான், அமீரகம், ஏமன் ஆகிய நான்கு நாடுகளில் ஏறக்குறைய 6,50,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடப்பது அது. 1930-31இல் ஒட்டகங்களில் அதனைக் கடந்த பெர்ட்ரம் தாமஸ் என்ற ஆங்கிலேயரும், வழியறிந்த பதூக்களின் துணைகொண்டே கடந்தார். அவருக்கே துணை தேவைப்பட்டதென்றால் நாம் எம்மாத்திரம்?

இம்முறை ஒரு மாதம் கணக்கிட்டோம். வண்டிகள் இரண்டு, ஒன்று புதைந்தால் மற்றொன்று இழுக்க வேண்டுமல்லவா? தார்ச்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 16 லிட்டர் எரிபொருள் கேட்ட வண்டி, மணலில் 30 லிட்டர் கேட்கும். 450 கிலோமீட்டர் மணற்பாதைக்கு 135 லிட்டர். அதில் மூன்றிலொரு பங்கு கூடுதலாகச் சேர்த்து, வண்டிக்கு 180 லிட்டர். பயணம் மூன்று நாள் எனினும் தண்ணீர் ஐந்து நாளைக்கு: ஆளுக்கு அன்றாடம் 6 லிட்டர் வீதம் 120 லிட்டர், இரு வண்டிகளிலும் பங்கிட்டு. மண்வெட்டி, இழுவைக் கயிறு, சக்கரத்தின் கீழ் இடும் பலகை, காற்றடிக்கும் கருவி ஆகியன ஏறின. உச்சிவெயிலில் நிழல் விழாததால் மணற்குன்றின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே காலையிலும் பிற்பகலிலுமே ஓட்டுவதென முடிவு செய்தோம்.

இறுதியாக, ஒரு தாளில் எங்கள் வழி, தங்குமிடம், திரும்பும் நேரம் யாவும் எழுதி, ஸலாலாவிலிருந்த நண்பரிடம் கொடுத்தோம். "மூன்றாம் நாள் மஃரிபுக்குள் தொலைபேசி வராவிட்டால், இதனைக் காவல்துறையிடம் சேர்த்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டோம்.

தும்ரைத், ஷிஸ்ர் கடந்து மணலுக்குள் சென்றோம். இரண்டாம் நாள், ஒரு வண்டியின் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. ஒருவாறு கட்டிச் சரிசெய்தோம். ஒரு வண்டி பழுதானால் இரண்டும் திரும்புவதென்பதே எங்கள் உடன்பாடு. இளையவரான நண்பர், "மச்சான், அந்தப் பெரிய குன்று கண்ணுக்குத் தெரியுதே, அதுவரைக்கும் மட்டும் போயிட்டு வந்துடலாமே!" என்றார். மெய்யாகவே சொல்கிறேன், எனக்கும் அதே ஆசைதான். மனைவியின் சொல் நினைவுக்கு வந்தது. திரும்பினோம்.

மூன்றாம் நாள் மஃரிபுக்கு முன் தும்ரைத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தேன். மணி ஒருமுறை ஒலிக்கும் முன்பே நண்பர் எடுத்தார். அஸர் தொழுதது முதல் அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே அமர்ந்திருந்தாராம்! அந்தப் பெரிய குன்றை நான் இன்றளவும் பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இன்று இருக்குமிடத்தைத் துணைக்கோள் வழியே அறிவிக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் அச்செய்தியை எதிர்பார்த்து, எந்நேரத்தில் தேடத் தொடங்குவதென்று அறிந்த ஒருவர் மறுமுனையில் இருந்தாக வேண்டும்.

ஆகவே தாய்மார்களே, சகோதரிகளே! உங்கள் பிள்ளையோ கணவரோ இத்தகைய பயணம் புறப்படுவதாகச் சொன்னால் தடுக்க வேண்டாம். "யாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.