வேர் பாறையில் இருக்கட்டும்

உடன்பிறந்தாரிடையே பிணக்கு எழுவது உலகில் புதிதன்று. ஆனால் அப்பிணக்கினால் நாம் இழப்பது பேச்சுவார்த்தையை மட்டுமன்று என்பதை உணர்ந்துகொள்ள, நாங்கள் பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஒரு தீவுக்குச் செல்ல வேண்டியிருந்தது.

மகளின் பேறுகாலத்திற்கு உதவியாக, 2023-ஆம் ஆண்டில் நாங்கள் இருவரும் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாஹுவில் நான்கு திங்கள் தங்கியிருந்தோம். அடுத்த வீட்டு மூதாட்டியார் அத்தீவுகளின் பூர்வகுடியைச் சேர்ந்தவர். நாங்கள் கடற்கரை ஊரில் பிறந்தவர்கள் என்று அறிந்ததும், ஒரு சனிக்கிழமை வைகறையில், கடல் வற்றியிருந்த வேளையில், எவா கடற்கரைக்கு எங்களை அழைத்துச் சென்றார்.

கடற்பாசியை அம்மக்கள் 'லிமு' என்று அழைக்கின்றனர். மீன், சேப்பங்கிழங்கை இடித்துச் செய்யும் களி, லிமு ஆகிய மூன்றும் அவர்கள் முன்னோரின் அன்றாட உணவாம். 'கபு' எனும் பழைய விலக்கு விதிகள் 1819-ஆம் ஆண்டில் நீக்கப்படும் வரை, பெண்கள் பன்றி இறைச்சியையும் தேங்காயையும் பெரும்பாலான வாழை வகைகளையும் உண்ணலாகாது. லிமுவுக்கு அத்தகைய தடை இல்லை. ஆகவே எந்தப் பாசி எந்தப் பாறையில் எப்பருவத்தில் வளரும் என்ற அறிவு தாயிடமிருந்து மகளுக்கு இறங்கி வந்தது. மௌயித் தீவின் ஹானாவில் 1919-இல் பிறந்த இசபெல்லா ஆபட் அம்மையார் இவ்வாறே தம் தாயிடம் லிமுவைக் கற்றார். 1950-இல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஹவாய்ப் பூர்வகுடிப் பெண்மணியாகி, கடற்பாசி ஆய்வில் உலகப் புகழ் எய்தினார்.

எவா கடற்கரைக்கு 'லிமுவின் இல்லம்' என்று ஒரு பெயருண்டு. காற்றே பாசி மணம் வீசுமென்று மூதாட்டியார் கூறினார். நாங்கள் சென்ற அன்றோ பல பாறைகள் வெறுமையாக இருந்தன. நிலத்தடி நன்னீர் கடலோரத்தில் கசியுமிடத்தில்தான் சில வகைப் பாசிகள் செழிக்கும். 1990-களில் கரும்புத் தோட்டங்கள் மூடப்பட்டுப் பாசன நீர் நின்றது; வீடுகளும் சாலைகளும் பெருகின; அளவின்றிப் பறிப்போரும் பெருகினர். அயலிடத்துப் பாசிகளும் தீங்கு செய்தன. வணிகத்திற்கென 1974-இல் அத்தீவின் கானெயோஹே விரிகுடாவிற்குக் கொண்டுவரப்பட்ட காப்பாபைக்கஸ் என்னும் பாசி, பவளப் பாறைகளைப் போர்த்தி மூடியது. நம் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவிலும் அதே பாசி பவளங்களின்மேல் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர் எடுத்துரைத்தனர்.

ஆயினும் அம்மக்கள் கைகட்டி நிற்கவில்லை. அன்று கரையில் முதியோரும் இளைஞரும் சிறுவருமாகப் பலர் கூடியிருந்தனர். நம் கஞ்சிப்பாசிக்கு உறவான 'மனாவுயா' என்னும் சிவந்த பாசியைச் சிறு கொத்துகளாக்கி, நார்க்கயிற்றில் மாலைபோல் பின்னி, கல்லோடு பிணைத்துப் பாறையிடுக்குகளில் வைத்தார்கள். அது வளர்ந்து வித்துகளைச் சிதறினால் சுற்றிலும் புதிய பாசி முளைக்குமாம். ஆளுநர் 2022-ஆம் ஆண்டை 'லிமு ஆண்டு' என அறிவித்ததற்கும் இத்தகைய ஊர்க்குழுக்களின் உழைப்பே காரணம்.

மூதாட்டியார் தம் பேத்தியின் கையைப் பிடித்துப் பாசியின் அடியைத் தொட்டுக் காட்டினார்.

"பற்றியிருக்கும் வேர் பாறையிலேயே இருக்கட்டும். மேல்நுனியை மட்டும் கிள்ள வேண்டும். கடல்நீரிலேயே அலசினால் வித்து கடலுக்கே திரும்பும். இன்றைய உணவுக்கு எவ்வளவோ அவ்வளவே."

இவ்வாறு சொன்னவர், அன்று ஒரு கொத்தும் பறிக்கவில்லை.

பின்னர் அலை ஒதுக்கிய ஒரு பழுப்புநிறப் பாசியை எடுத்து எங்களிடம் நீட்டினார். அதன் பெயர் 'லிமு கலா'. 'கலா' என்றால் விடுவித்தல், மன்னித்தல். குடும்பத்தில் பகை மூண்டால், முற்காலத்தில் மூத்தவர் ஒருவரின் முன்னிலையில் அனைவரும் அமர்ந்து, உள்ளதைப் பேசி, ஒருவரையொருவர் மன்னித்து, இறுதியில் இப்பாசியைப் பகிர்ந்து உண்பார்களாம். 'ஹோஒபோனோபோனோ', அதாவது செவ்வையாக்குதல், என்பது அவ்வழக்கத்தின் பெயர்.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு கிணற்றுப் பங்கு காரணமாகப் பதினொரு ஆண்டுகள் தம்பி வீட்டு வாசலை நாங்கள் மிதிக்கவில்லை. தந்தையாரோடு கடலுக்குச் சென்று கற்றவர் தம்பி. நாங்களோ படித்து அலுவலகம் சென்றவர்கள். கோபுரத்தையும் மலைமுகட்டையும் நேர்நிறுத்திக் கடலடியிலுள்ள பார்களைக் கண்டறியும் கலை, தந்தையாருக்குப் பின் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவருக்கே தெரியும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் பேரப்பிள்ளைகளோ அவரிடம் செல்ல அனுமதிக்கப்படவில்லை. கிணற்றுக்காக வழக்காடிய நாங்கள், கடலையே அவர்களுக்கு இல்லாமற் செய்துவிட்டோம்!

ஊர் திரும்பிய மறுநாள் மாலையில் தம்பி வீட்டிற்குச் சென்றோம். வாசலில் வலைக்கண் செப்பனிட்டுக்கொண்டிருந்த அவர் எழுந்து நின்றார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர், கிணற்றைப் பற்றி எங்கள்மேல் இருந்த தவற்றை நாங்களே முதலில் சொன்னோம். தம்பியின் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார். லிமு கலா எங்களிடம் இல்லை, அக்காப்பியே போதுமானதாயிற்று.

விடைபெறும்போது தம்பி தயங்கியபடி கேட்டார்:

"அண்ணி, பேரனை நாளை விடியற்காலையில் அனுப்பி வைப்பீர்களா? கடல் நன்றாக இருக்கிறது."

பேரன் சென்றான். இப்பொழுது மூன்று பார்களின் அடையாளம் அவனுக்குத் தெரியும்.