பிணம் போகும் பாதை மட்டும் போதாது

எங்கள் பெரியப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது ஊர் சொன்ன முதல் வார்த்தை, "குடி."

மயிலாடுதுறைப் பக்கம் நாற்பது வருஷம் நாற்றுப் பறிக்கவும் அறுப்பறுக்கவும் போன மனிதர். ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. டீ தளும்பினால் கடையில் சிரிப்பார்கள். நாங்கள் அழைத்துப்போன மருத்துவமனையில் பெயரும் தெருவும் விசாரித்த பிறகு வந்த முதல் கேள்வியும் அதுதான்: "எத்தனை நாளா குடிக்கிறே?"

இரண்டு வருஷம் இப்படியே போனது. பிறகு வேறு ஊரில் ஒரு நரம்பியல் மருத்துவர் அவரை நடக்கச் சொல்லி, கையை மடக்கி நீட்டிப் பார்த்து, பார்கின்சன் என்றார். மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும் நோய். லெவோடோபா மாத்திரை விறைப்பைக் குறைக்கும், நோயை நிறுத்தாது. பூச்சிமருந்தோடு புழங்குகிறவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பெரியப்பாவுக்கு அதனால்தான் வந்தது என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனால் ஸ்பிரேயரை முதுகில் கட்டிக்கொண்டு வயலில் இறங்கியது யார், வரப்பில் நின்றது யார் என்பது தெரியும்.

கடைசி மூன்று வருஷம் படுக்கை. பெரியம்மா கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனால் அவரைப் புரட்டிப்போட ஆள் இல்லை. முதுகில் புண் வைத்தது. "சரியாகாத நோய்க்கு ஏன் அலையுறீங்க, வீட்ல வெச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகுதான் ஒரு நர்ஸ் எங்கள் தெருவுக்கு வந்தார். அதிசய மருந்து எதையும் அவர் கொண்டுவரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, நிமிர்த்தி உட்கார வைத்துக் கஞ்சியைக் கெட்டியாகக் கொடுப்பது, மாத்திரை நேரம் தவறாமல் பார்ப்பது, மலச்சிக்கலைக் கவனிப்பது. இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தார். பாயில் உட்கார்ந்து பெரியப்பாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். பெரியம்மா அன்று அழுதது புண்ணை நினைத்து அல்ல. எங்கள் வீட்டு உடம்பை வெளியாள் ஒருவர் அப்படித் தொட்டு அவர் பார்த்ததே இல்லை.

இதற்குப் பெயர் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை. சாகிற நேரத்துக்கு மட்டுமானதல்ல. நோய் தெரிந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டியது. உலகில் இது தேவைப்படுகிறவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வர வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் பார்கின்சனும் தசைச்சிதைவும் இருக்கின்றன. நாங்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டது பெரியப்பா படுத்த பிறகு.

2016 ஜனவரியில் வழுவூர் அருகே திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுபோக உயர் நீதிமன்றம் சொல்லியும் நடக்கவில்லை. அதற்காக நம் மக்கள் கொதித்தது நியாயம். செத்த உடலுக்கு மரியாதை கேட்டோம். அந்த உடல் உயிரோடு படுத்திருக்கும் வருஷங்களுக்கு என்ன கேட்டோம்? எங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் திரட்டத் தெரிந்த எங்களுக்கு, பெரியம்மா ஒருநாள் தூங்குவதற்கு முறை வைக்கத் தெரியவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, அடுத்தமுறை தெருக்கூட்டம் போடும்போது ஒரு நோட்டையும் எடுத்துப் போங்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், அடையாள அட்டை உண்டா, உதவித்தொகை வருகிறதா, நர்ஸ் எந்தத் தெருவோடு திரும்பிப் போகிறார் என்று எழுதுங்கள். அந்தக் கணக்கோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் போவோம். யாருக்காவது கை நடுங்கினால், குடி என்று நாமாவது சொல்லாமல் இருப்போம்.